மறுப்பும் ஒரு விடை: பொதுத் திறவுகோல் குறியாக்கமும் தேர்ந்தெடுத்த மறையுரைத் தாக்குதலும்

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

பொதுத் திறவுகோல் குறியாக்கத்தை உடைக்க முடியுமா என்று கேட்டால், பேச்சு உடனே பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றித் திரும்பிவிடும். 2,048 பிட் எண்ணைப் பிரிக்க எத்தனை கணினிகள் வேண்டும், குவாண்டம் கணினி எப்போது வரும் என்று அது நீளும். ஆனால் 1998க்குப் பின் இணையத்தில் மெய்யாகவே நிகழ்த்திக் காட்டப்பட்ட தாக்குதல்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் ஒரு பெரிய குடும்பம் எந்த எண்ணையும் காரணிப்படுத்தவில்லை. திறவுகோலின் உரிமையாளரிடமே கேள்வி கேட்டு, அவர் சொன்ன விடைகளிலிருந்து இரகசியத்தைக் கறந்திருக்கிறது. அந்த விடைகளில் பெரும்பாலானவை 'இது செல்லாது' என்ற ஒன்றுதான்.

இக்கட்டுரை அந்தக் குடும்பத்தைப் பற்றியது. இதன் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். தவறான மறையுரை வந்தால் குறிநீக்கி அதை எப்படி மறுக்கிறது என்பதும் குறியாக்கத் திட்டத்தின் ஓர் உறுப்பு. கணிதத்திற்குள் வைத்துத் தீர்த்திருக்க வேண்டிய அந்த உறுப்பை, மென்பொருள் எழுதுபவரின் கவனத்திற்கு விட்டுவிட்டார்கள். கால் நூற்றாண்டாக ஒரே தாக்குதல் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அந்த முடிவே.

சொற்களைப் பொறுத்தவரை: அனுப்ப விரும்பும் செய்தி மூலவுரை, பொதுத் திறவுகோலால் உருமாற்றிய வடிவம் மறையுரை, தனித் திறவுகோலால் அதை மீட்பது குறிநீக்கம். கையொப்பத் திட்டங்களும் முழுமையான நெறிமுறைப் பகுப்பாய்வும் இங்கே பேசப்படவில்லை.

2. கேட்பவனும் கேள்வி கேட்பவனும்

2.1 செயலற்ற எதிரி

1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத் திறவுகோல் என்ற கருத்தை வெளியிட்டபோதும், 1978இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. முறையை அச்சிட்டபோதும், மனத்தில் இருந்த எதிரி பெரும்பாலும் கம்பியை ஒட்டுக்கேட்பவன். அவனுக்குப் பொதுத் திறவுகோல் தெரியும், மறையுரை தெரியும், அவ்வளவே.

இந்த எதிரிக்கு எதிராகப் 'பாதுகாப்பு' என்றால் என்ன என்பதைச் செம்மையாக வரையறுத்தவர்கள் ஷாஃபி கோல்ட்வாசரும் சில்வியோ மிக்காலியும். 1982இல் முன்வைத்து 1984இல் விரிவாக வெளியிட்ட அவர்களது ஆய்வின் சாரம் எளியது. எதிரி இரண்டு செய்திகளைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கட்டும். அவற்றில் ஒன்றைக் குறியாக்கிக் காட்டுவோம். எது என்று அவனால் நாணயம் சுண்டிச் சொல்வதைவிட நன்றாகச் சொல்ல முடியக் கூடாது. இதற்குக் குறியாக்கத்தில் தற்செயல் கலந்தாக வேண்டும். ஒரே செய்தி ஒவ்வொரு முறையும் வேறு மறையுரையாக வர வேண்டும். 2012ஆம் ஆண்டின் டூரிங் விருது இவ்விருவருக்கும் கிடைத்ததில் இந்த வரையறைக்கும் பங்கு உண்டு.

2.2 ராபின் முறையின் முரண்

செயலற்ற எதிரியோடு நின்றுவிட முடியாது என்பதற்கு மிகக் கூர்மையான சான்று இந்த வரையறைக்கும் முந்தியது. மைக்கேல் ராபின் 1979இல் ஒரு முறையைத் தந்தார். அதில் குறியாக்கம் என்பது செய்தியை வர்க்கப்படுத்தி, இரு பகா எண்களின் பெருக்கற்பலனால் வகுத்து மீதியை எடுப்பது. ஆர்.எஸ்.ஏ.க்கு இல்லாத ஒரு பெருமை இதற்கு உண்டு: இதை உடைப்பது காரணிப்படுத்துவதற்குச் சமமான கடினம் என்று நிறுவப்பட்டது.

இப்போது 77 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் காரணிகள் 7உம் 11உம் என்பது உரிமையாளருக்கு மட்டும் தெரியும் என்று வைப்போம். எதிரி 10 என்ற எண்ணைத் தேர்ந்து வர்க்கப்படுத்துகிறான். 100ஐ 77ஆல் வகுத்த மீதி 23. அந்த 23ஐ உரிமையாளரிடம் நீட்டி, இதைக் குறிநீக்கித் தாருங்கள் என்கிறான். 23க்கு நான்கு வர்க்க மூலங்கள் உள்ளன: 10, 67, 45, 32. எதிரி எதிலிருந்து தொடங்கினான் என்பது உரிமையாளருக்குத் தெரிய வழியில்லை. அவர் 45ஐத் தந்தால், எதிரி 45இலிருந்து 10ஐக் கழித்து 35 பெறுகிறான். 35க்கும் 77க்கும் மீப்பெரு பொதுக் காரணி 7. திறவுகோல் போயிற்று. 32ஐத் தந்தாலும் இதே கதி: 22க்கும் 77க்கும் பொதுக் காரணி 11. ஒவ்வொரு கேள்வியிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ராபினின் சமன்மை நிறுவலின் உள்ளே இருப்பதும் இதே கணக்குத்தான். குறிநீக்கும் வழி இருந்தால் காரணிப்படுத்தலாம் என்பது நிறுவல். குறிநீக்கித் தர ஒருவர் இருந்தால் காரணிப்படுத்தலாம் என்பது தாக்குதல். வலிமையின் சான்றிதழை அப்படியே புரட்டிப்போட்டால் உடைக்கும் செய்முறை கிடைக்கிறது. இத்துறையைக் கற்பிப்பவர்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கடினமான கணக்கு ஒன்றைக் காட்டிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையை இதைவிட விரைவாகக் கலைக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை.

2.3 ஆர்.எஸ்.ஏ.யின் வளைவு

ஆர்.எஸ்.ஏ. ஒரே கேள்வியில் இப்படிச் சரிந்துவிடுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு வளைவு உண்டு. 55 என்ற எண்ணையும் 3 என்ற பொது அடுக்கையும் கொள்வோம். 8 என்ற செய்தியின் கனம் 512. 55ஆல் வகுத்த மீதி 17. இதுவே மறையுரை. எதிரிக்கு 8 தெரியாது. ஆனால் 3இன் கனம் 27 என்பதை யாரும் கணக்கிடலாம். அவன் 17ஐ 27ஆல் பெருக்கி 55ஆல் வகுக்கிறான், மீதி 19. இந்த 19ஐ உரிமையாளர் குறிநீக்கினால் 24 வரும், அதாவது உள்ளே இருந்த 8இன் மூன்று மடங்கு. செய்தியைப் பார்க்காமலேயே அதைப் பெருக்க முடிகிறது.

ஒப்பந்தப் புள்ளி ஒன்றில் உள்ள தொகையை நினைத்துப் பார்த்தால் இதன் விபரீதம் புரியும். போட்டியாளர் என்ன தொகை குறித்தார் என்று தெரியாமலேயே அதைவிடக் குறைவான தொகைக்கான மறையுரையைத் தயாரிக்க முடிந்தால், குறியாக்கம் இரகசியத்தைக் காத்தும் பயனில்லை. டேனி டோலெவ், சிந்தியா டுவோர்க், மோனி நாவோர் ஆகியோர் 1991இல் இதையே ஒரு தனிப் பாதுகாப்புப் பண்பாக வகுத்தார்கள். ஒரு மறையுரையை வளைத்து, அதன் உட்பொருளோடு தொடர்புடைய இன்னொரு மறையுரையை உண்டாக்க யாராலும் இயலக் கூடாது.

2.4 வரையறைகள் வளர்ந்த விதம்

நாவோரும் மோட்டி யுங்கும் 1990இல் கேள்வி கேட்கும் எதிரியை வரையறைக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களது எதிரி, இலக்கு மறையுரை கைக்கு வரும்வரை எதையும் குறிநீக்கித் தரக் கேட்கலாம். வந்தபின் கேட்கக் கூடாது. அலுவலர் மதிய உணவுக்குப் போன நேரத்தில் அவரது இயந்திரத்தில் புகுந்துகொள்பவனைப் போன்றவன் என்பதால் இதற்கு 'மதிய உணவுத் தாக்குதல்' என்ற செல்லப்பெயர் வந்தது. 1991இல் சார்லஸ் ராக்காஃபும் டேனியல் சைமனும் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். இலக்கு மறையுரையைப் பார்த்தபின்னும் எதிரி தொடர்ந்து கேட்கலாம். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும், அதிலிருந்து ஒரு பிட் மட்டும் மாறிய மறையுரையைக்கூடக் கேட்கலாம். இதுவே தகவமையும் தேர்ந்தெடுத்த மறையுரைத் தாக்குதல். இன்று ஒரு பொதுத் திறவுகோல் குறியாக்கத்தைப் 'பாதுகாப்பானது' என்று அடைமொழியின்றிச் சொன்னால் இதைத் தாங்குவதையே குறிக்கிறோம்.

அன்றைய நடைமுறையாளர்களுக்கு இது மிகையாகத் தெரிந்தது. எதிரி கேட்டதையெல்லாம் குறிநீக்கித் தரும் முட்டாள் யார்? நாவோர்–யுங் தந்த கட்டுமானமும் நேரத்தையும் இடத்தையும் விழுங்குவது. அறிவு வெளிப்படுத்தா நிறுவல் ஒன்றை ஒவ்வொரு மறையுரையோடும் இணைக்கச் சொல்வது. கோட்பாட்டாளர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவைக்க எல்லா வசதியும் இருந்தது.

3. ஒரே தொகுதியில் மூன்று கட்டுரைகள்

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஆண்டுதோறும் நடக்கும் கிரிப்டோ மாநாட்டின் 1998ஆம் ஆண்டுத் தொகுதியைத் திறந்தால், முதல் பக்கத்தில் தொடங்குவது பெல் ஆய்வகத்தின் டேனியல் பிளைக்கன்பாகர் எழுதிய தாக்குதல். 13ஆம் பக்கத்தில் ரொனால்ட் கிரேமரும் விக்டர் ஷூப்பும் தந்த மருந்து. 26ஆம் பக்கத்தில் மிஹிர் பெல்லாரே, ஆனந்த் தேசாய், டேவிட் பாயின்ட்ஷெவால், ஃபிலிப் ரோகவே நால்வரும் பாதுகாப்பு வரையறைகளுக்கிடையே எது எதைத் தழுவும் என்று போட்ட வரைபடம். நோய், மருந்து, மருத்துவ நூல் என்று மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தொகுப்பாசிரியர் தெரிந்தே அடுக்கியிருக்க வேண்டும்.

3.1 தாக்குதலின் இயக்கம்

ஆர்.எஸ்.ஏ.யை நேராகப் பயன்படுத்தாமல் செய்தியோடு தற்செயல் பைட்டுகளை நிரப்பாகச் சேர்த்துக் குறியாக்க வேண்டும் என்பது நடைமுறையாளர்களுக்கும் தெரிந்தே இருந்தது. 1993இல் வெளிவந்த பி.கே.சி.எஸ். 1, பதிப்பு 1.5 என்ற தரநிலை அதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. முதல் பைட் 0, இரண்டாவது 2, பிறகு பூச்சியமல்லாத தற்செயல் பைட்டுகள் குறைந்தது எட்டு, அதன்பின் எல்லை காட்ட ஒரு 0, கடைசியில் செய்தி. நெட்ஸ்கேப் உருவாக்கிய எஸ்.எஸ்.எல். நெறிமுறை உலாவிக்கும் சர்வருக்கும் இடையே இரகசியத்தைக் கடத்த இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டது.

வந்த மறையுரையைச் சர்வர் குறிநீக்கிப் பார்க்கும்போது முதலிரு பைட்டுகள் 0, 2 என்று இல்லாவிட்டால் 'வடிவம் தவறு' என்று ஒரு பிழைச் செய்தி அனுப்பிவிடும். உள்ளே என்ன இருந்தது என்று அது சொல்வதே இல்லை. பிளைக்கன்பாகருக்கு அந்தப் பிழைச் செய்தி போதுமானதாக இருந்தது.

முதலிரு பைட்டுகள் 0, 2 என்றால், குறிநீக்கி வந்த எண் ஒரு குறுகிய பட்டைக்குள் இருக்கிறது என்று பொருள். 1,024 பிட் திறவுகோலில் அது 2இன் 1,008ஆம் அடுக்கின் இரு மடங்குக்கும் மும்மடங்குக்கும் இடைப்பட்டது. எதிரி ஒட்டுக்கேட்ட நல்ல மறையுரை ஒன்று கையில் இருக்கிறது; அதன் உட்பொருள் இந்தப் பட்டைக்குள் எங்கோ இருக்கிறது. அவன் ஒரு பெருக்கியைத் தேர்ந்து, முந்தைய பிரிவில் 17ஐ 27ஆல் பெருக்கியது போலவே மறையுரையைப் பெருக்கிச் சர்வருக்கு அனுப்புகிறான். பெரும்பாலும் 'வடிவம் தவறு' என்றே வரும். ஆயிரக்கணக்கில் முயன்றபின் ஒன்றுக்கு அந்த மறுப்பு வராது. உட்பொருளை அந்தப் பெருக்கியால் பெருக்கி, திறவுகோல் எண்ணால் வகுத்த மீதியும் அதே பட்டைக்குள் விழுந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதைப் பின்னோக்கி வகுத்தால், உட்பொருள் இருக்கக்கூடிய இடம் பட்டைக்குள்ளேயே சில சிறு துண்டுகளாகச் சுருங்குகிறது. இன்னொரு பெருக்கி, இன்னும் சில துண்டுகள். இரண்டுக்கும் பொதுவானவை மட்டும் மிஞ்சும். ஒரே துண்டு மிஞ்சியபின் பெருக்கிகளைக் கண்மூடித்தனமாகத் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வெற்றியும் துண்டை ஏறத்தாழப் பாதியாக்கும்படி தேர்ந்துகொள்ளலாம். கடைசியில் ஒரே எண் நிற்கும்.

1,024 பிட் திறவுகோலுக்கு ஏறத்தாழ 2இன் 20ஆம் அடுக்கு, அதாவது பத்து இலட்சம் கேள்விகள் தேவை என்று அவர் மதிப்பிட்டார். 'பத்து இலட்சச் செய்தித் தாக்குதல்' என்று இதை அழைக்கத் தொடங்கினார்கள். இரவு பகலாகக் கேட்டாலும் சலிக்காமல் விடை சொல்லும் சர்வருக்கு அது பெரிய எண்ணிக்கை இல்லை. எதிரி கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் முட்டாள் யார் என்ற பழைய கேள்விக்கும் இங்கே பதில் கிடைத்தது: இணையத்தில் இயங்கும் ஒவ்வொரு சர்வரும்.

இரண்டு நுட்பங்களைக் குறித்துவைக்க வேண்டும். இத்தாக்குதலில் தனித் திறவுகோல் வெளிவருவதில்லை. அத்திறவுகோலால் செய்யக்கூடிய ஒரு செயலை எதிரி செய்துகொள்கிறான். ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்துவைத்த பழைய உரையாடல் ஒன்றைத் திறக்க அது போதும். மற்றது, ராக்காஃபும் சைமனும் தங்கள் எதிரிக்கு முழுக் குறிநீக்கத்தையே வழங்கினார்கள். பிளைக்கன்பாகரின் எதிரிக்குக் கேள்விக்கு ஒரு பிட்டே கிடைத்தது. மிகையென்று ஒதுக்கிய வரையறையில் இருந்ததைவிடப் பன்மடங்கு ஏழையான எதிரியிடம் நடைமுறைத் திட்டம் தோற்றது.

3.2 மருந்து

கிரேமர்–ஷூப் முறை, தாஹெர் எல்கமால் 1980களில் தந்த முறையின் மேல் கட்டப்பட்டது. எல்கமால் மறையுரையில் இரண்டு உறுப்புகள், இதில் நான்கு. கூடுதலாக வருவனவற்றில் ஒன்று சரிபார்ப்புச் சான்று: செய்தியைத் தெரிந்து முறைப்படி குறியாக்கியவரால் மட்டுமே அதைச் சரியாக உண்டாக்க முடியும். வளைத்துத் திரித்த மறையுரை சான்றில் தவறும்; அப்போது வரும் மறுப்பு எதிரிக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. 'நீ அனுப்பியது முறைப்படி செய்யப்பட்டதல்ல' என்பதை அவனே அறிவான். மறுப்பிலிருந்து புதிதாக எதையும் கற்க முடியாதபடி கணிதமே அமைந்திருக்கிறது. வழக்கமான எண்கணித எடுகோள் ஒன்றின் மீது, நடைமுறைக்குத் தாங்கும் செலவில், முழுமையான நிறுவலோடு வந்த முதல் முறை இதுதான்.

மூன்றாவது கட்டுரையின் பல முடிவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முழுவலிமை எதிரியின் முன், இரகசியம் காப்பதும் வளைக்க முடியாமையும் ஒன்றே என்று அது நிறுவியது. ஒப்பந்தப் புள்ளிச் சிக்கலும் ஒட்டுக்கேட்கும் சிக்கலும் ஒரே வரையறையில் அடங்கிவிட்டன.

4. ஒட்டுப் போட்ட வரலாறு

4.1 டி.எல்.எஸ். எடுத்த முடிவு

மருந்து இருந்தும் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்.எஸ்.எல். நெறிமுறையின் வாரிசாக 1999 ஜனவரியில் வெளியான டி.எல்.எஸ். 1.0 பழைய நிரப்பு வடிவத்தையே வைத்துக்கொண்டு, சர்வர் எழுதுபவர்களுக்கு ஓர் அறிவுரையைச் சேர்த்தது. வடிவம் தவறாக இருந்தால் அதைச் சொல்லாதே. 48 பைட் தற்செயல் எண்ணை நீயே உண்டாக்கி, அதுதான் வந்த இரகசியம் என்பதுபோல நெறிமுறையைத் தொடர். கடைசிச் சரிபார்ப்பில் அது எப்படியும் தோற்றுவிடும். எதிரி அனுப்பியது தற்செயலாக நல்ல வடிவத்தில் இருந்தாலும் உட்பொருள் அவனுக்குத் தெரியாததால் அதே இடத்தில்தான் தோற்பான். இரண்டு தோல்விகளும் வெளியிலிருந்து ஒன்றாகத் தெரிய வேண்டும்.

யோசனை தவறில்லை. ஆனால் 'ஒன்றாகத் தெரிய வேண்டும்' என்பது எழுதுவதற்கு எளிய வாக்கியம். பிழைச் செய்தி ஒன்றாக இருந்தால் போதாது. எடுத்துக்கொள்ளும் நேரம், இணைப்பை மூடும் விதம், பதிவேட்டில் எழுதும் வேலை, நினைவகத்தில் தொடும் இடம் எல்லாம் ஒன்றாக வேண்டும். நிரலில் ஓர் 'எனில்' வந்தால் அங்கே ஒரு வேறுபாடு பிறக்கிறது. 2008இல் வந்த டி.எல்.எஸ். 1.2, இதைவிடப் பாதுகாப்பான நிரப்பு முறை இருப்பதை ஒப்புக்கொண்டே, முந்தைய பதிப்புகளோடு ஒத்துப்போவதற்காகப் பழையதைத் தொடர்வதாகச் சொன்னது. அறிவுரைதான் பதிப்புக்குப் பதிப்பு நீண்டது.

4.2 2001: மற்றுமொரு கிரிப்டோ

அந்தப் பாதுகாப்பான முறை, பெல்லாரேயும் ரோகவேயும் 1994இல் தந்த ஓ.ஏ.இ.பி. ஹாஷ் சார்புகளால் செய்தியையும் தற்செயல் எண்ணையும் ஒன்றோடொன்று கலந்தபின் ஆர்.எஸ்.ஏ.யில் இடுவது. 1998 அக்டோபரில் பி.கே.சி.எஸ். 1, பதிப்பு 2.0 இதை ஏற்றது. 2001ஆம் ஆண்டு மாநாட்டிலோ இதன்மேல் மூன்று கட்டுரைகள் வந்தன. பொதுநிலையில் ஓ.ஏ.இ.பி.யின் நிறுவலில் இட்டு நிரப்ப முடியாத இடைவெளி இருப்பதை ஷூப் காட்டினார். ஆர்.எஸ்.ஏ.யோடு சேரும்போது மட்டும் நிறுவலை வேறு வழியில் மீட்கலாம் என்று ஃபுஜிசாகி, ஒகமோட்டோ, பாயின்ட்ஷெவால், ஸ்டெர்ன் காட்டினார்கள். ஆக, கணிதம் தப்பித்தது.

மூன்றாவது கட்டுரை ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மாங்கருடையது. தரநிலையின்படி குறிநீக்கி வந்த எண்ணைப் பைட்டுகளாக்கும்போது முதல் பைட் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே ஒரு பிழை; இருந்தால் பின்னால் ஹாஷ் சரிபார்ப்பில் வேறொரு பிழை. இந்த இரு பிழைகளையும் பிரித்தறிய முடிந்தால் 1,024 பிட் திறவுகோலுக்கு ஆயிரத்தைச் சற்றே தாண்டிய கேள்விகள் போதும். பத்து இலட்சம் ஆயிரமானது, அதுவும் நிறுவப்பட்ட திட்டத்தில். நிறுவல் பொய்யாகவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. நிறுவலில் குறிநீக்கி 'செல்லாது' என்று ஒரே குரலில் சொல்கிறது. தரநிலையில் இரண்டு குரல்களில் சொன்னது.

4.3 திரும்பி வந்தவை

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் இயக்கம் ஒன்றுதான். 2003இல் கிளீமா, பொகோர்னீ, ரோசா என்ற செக் ஆய்வாளர்கள், இரகசியத்தின் முதலிரு பைட்டுகளில் உள்ள நெறிமுறைப் பதிப்பு எண்ணைச் சர்வர்கள் சரிபார்த்துத் தனிப் பிழை தருவதைப் பிடித்தார்கள். நிரப்பைச் சரிபார்க்கும் கதவை மூடி, பக்கத்துக் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். 2012இல் பார்டூவும் உடன் ஆய்வாளர்களும் கேள்விகளின் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்து, பாதுகாப்பு டோக்கன்களையும் எஸ்டோனியாவின் அடையாள அட்டையையும் சோதித்தார்கள். 2014இல் ஜாவாவின் டி.எல்.எஸ். நூலகத்தில் பிழைப் பொருளொன்றை உண்டாக்க எடுத்துக்கொள்ளும் நேரமே போதிய வேறுபாடு என்று தெரிந்தது.

2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட 'டிரவுன்' சற்று நின்று பார்க்கத்தக்கது. இங்கே தாக்கப்பட்ட உரையாடல் புதிய டி.எல்.எஸ்.; விடை சொன்னது அதே திறவுகோலைப் பகிர்ந்துகொண்ட பழைய எஸ்.எஸ்.எல். 2. யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அணைக்க மறந்த அந்தப் பழைய நெறிமுறை, 1990களின் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளுக்காக வலுக்குறைத்த 40 பிட் குறியாக்கத்தையும் கூடவே வைத்திருந்தது. சுமார் 40,000 இணைப்புகள், மேகக் கணினியில் 440 டாலர் வாடகை என்று ஆய்வாளர்கள் செலவுக் கணக்குக் கொடுத்தார்கள். அன்றைய எச்.டி.டி.பி.எஸ். சர்வர்களில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்படக்கூடியவை என்பது அவர்களது மதிப்பீடு. ஒரு திறவுகோலின் பாதுகாப்பு, அதைக்கொண்டு குறிநீக்கும் இடங்களில் மிக மோசமான இடத்தின் பாதுகாப்பே என்பதை இவ்வளவு மலிவாக வேறெதுவும் காட்டியதில்லை.

2017 டிசம்பரில் ஹான்னோ போக், யுராய் சொமொரோவ்ஸ்கி, கிரெய்க் யங் மூவரும் 'ரோபாட்' என்ற பெயரில் 1998ஆம் ஆண்டின் தாக்குதலையே ஏறக்குறைய அப்படியே இணையத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். அலெக்சா தரவரிசைப் பட்டியலின் முதல் 100 தளங்களில் 27 தளங்களின் துணைக்களங்கள் சிக்கின. ஃபேஸ்புக்கும் பேபாலும் அவற்றில் அடக்கம். ஃபேஸ்புக்கின் திறவுகோலால் ஒரு செய்திக்குக் கையொப்பமிட்டும் காட்டினார்கள். பிழைச் செய்தி ஒன்றாகவே இருந்த இடங்களில், காலாவதியாகும் இணைப்பு, திடீரென அறுபடும் இணைப்பு, இரண்டாம் முறை வரும் அதே எச்சரிக்கை ஆகியவை ஒரு பிட் தகவலைச் சுமந்தன. எஃப்5, சிட்ரிக்ஸ், சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் சாதனங்கள் இதில் இருந்தன. அறிவுரையைப் படிக்காதவர்கள் என்று இவர்களைத் தள்ள முடியாது.

இவ்வரிசையைப் பார்த்து, நிரலாளர்கள் கவனமற்றவர்கள் என்ற முடிவுக்கு வருவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பத்தொன்பது ஆண்டுகள், பல நாடுகள், தம்முள் தொடர்பற்ற நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வழுக்கி விழுந்தால், அங்கே தரைதான் சரியில்லை. நேர்மையாக எழுதிய எந்த நிரலும் இயல்பாகவே பிழையைப் பிழை என்று சொல்லும். அதைச் சொல்லாமல் நடிக்க வைப்பது இயல்புக்கு மாறான உழைப்பு. 2018 ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3 இந்த நிரப்பு முறையைத் திருத்தாமல், ஆர்.எஸ்.ஏ. வழியாக இரகசியம் கடத்துவதையே நெறிமுறையிலிருந்து நீக்கியது. அதுவே முறையான முடிவு. இருபது ஆண்டுகள் தாமதம்.

5. வரையறைக்கு அப்பாலுள்ள எதிரிகள்

தேர்ந்தெடுத்த மறையுரை வரையறை எதிரிக்கு நிறைய வழங்கினாலும் சிலவற்றை வழங்கவில்லை. அவற்றைத் தொட்டுச் செல்கிறேன்.

திறவுகோல் ஒரு பிட்டும் கசியாது என்பது முதல் எடுகோள். பால் கோச்சர் 1996இல் கணக்கிடும் நேரத்திலிருந்தே திறவுகோலைப் பெறலாம் என்று காட்டினார். 2003இல் டேவிட் பிரம்லியும் டான் போனேயும் வலையமைப்புக்கு அப்பாலிருந்தே ஓபன் எஸ்.எஸ்.எல். சர்வரின் திறவுகோலை எடுத்தார்கள். 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள், மின்சாரத்தை நிறுத்தியபின்னும் நினைவகச் சில்லுகளில் சில நொடிகள் தங்கும் எச்சத்திலிருந்து திறவுகோல்களை மீட்டார்கள். அடுத்த ஆண்டே அகாவியா, கோல்ட்வாசர், வைகுண்டநாதன் மூவரும் திறவுகோலின் ஒரு பகுதி கசிந்தாலும் தாங்கும் குறியாக்கத்தைக் கட்டினார்கள்.

செய்தி திறவுகோலைச் சாராதது என்பது இன்னோர் எடுகோள். வட்டு முழுவதையும் குறியாக்கும் மென்பொருளில் திறவுகோலே வட்டில் எழுதப்பட்டிருக்கலாம். அப்போது திறவுகோல் தன்னையே குறியாக்குகிறது. வழக்கமான வரையறை இதைப் பற்றி எதுவும் உறுதி தருவதில்லை. போனே, ஹலேவி, ஹாம்பர்க், ஒஸ்ட்ரோவ்ஸ்கி 2008இல் இதற்கு விடை கண்டார்கள். பலருக்கு அனுப்பிய மறையுரைகளில் சிலவற்றை மட்டும் எதிரி வலுக்கட்டாயமாகத் திறக்க முடிந்தால், திறக்காதவை பாதுகாப்பாக இருக்குமா என்ற கேள்வியும் உண்டு. 'இருக்காதா என்ன' என்று தோன்றும். நிறுவுவது அவ்வளவு எளிதாக இல்லை.

6. மறுக்காத குறிநீக்கம்

குவாண்டம் கணினியைத் தாங்கும் முறைகளுக்கு மாறும் இவ்வேளையில் பழைய கேள்வி புதிய வடிவில் வருகிறது. லாட்டிஸ் எனப்படும் பின்னல் அமைப்புச் சிக்கல்களின் மீது கட்டிய முறைகளில் குறியாக்கம் என்பதே ஒரு சமன்பாட்டில் சிறு பிழைகளைக் கலப்பது. உரிமையாளர் அப்பிழைகளை வடித்தெடுக்கிறார். எதிரி பிழையைச் சற்றே கூட்டி அனுப்பினால், சில வேளை குறிநீக்கம் சரியாக வரும், சில வேளை தவறும். எப்போது தவறுகிறது என்பது தனித் திறவுகோலின் உறுப்புகளைப் பொறுத்தது. எனவே இங்கே வெற்றி தோல்வியைப் பார்த்தே திறவுகோல் முழுவதையும் படித்துவிடலாம். பிளைக்கன்பாகரின் தாக்குதலைவிட இது கொடியது. கிறிஸ் ஹால், இயன் கோல்ட்பர்க், புரூஸ் ஷ்னையர் 1999லேயே இவ்வகை முறைகள் சிலவற்றின் மீது இத்தகைய எதிர்வினைத் தாக்குதல்களைக் காட்டியிருந்தார்கள்.

ஆகவே 2024 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட எம்.எல்.-கே.இ.எம். திட்டம், மறுப்பை நிரலாளரிடம் விட்டுவைக்கவில்லை. ஃபுஜிசாகியும் ஒகமோட்டோவும் 1999இல் தந்த மாற்றுமுறையின் வழித்தோன்றல் அதன் மையத்தில் இருக்கிறது. குறியாக்கும்போது பயன்படும் தற்செயல் எண், செய்தியிலிருந்தே ஹாஷ் மூலம் பெறப்படுகிறது. உரிமையாளர் குறிநீக்கியபின், வந்த செய்தியை அதே வழியில் மறுபடி குறியாக்கிப் பார்க்கிறார். கைக்கு வந்த மறையுரையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் அது முறைப்படி செய்தது. எதிரி பிழையைக் கூட்டிய மறையுரை பொருந்தாது.

பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் 1998இன் பாடம் அடங்கியிருக்கிறது. தரநிலை பிழைச் செய்தி எதையும் தரச் சொல்லவில்லை. உரிமையாளர் தம்மிடம் மட்டும் உள்ள 32 பைட் இரகசிய எண்ணையும் வந்த மறையுரையையும் ஹாஷ் செய்து, அதையே இரு தரப்பும் பகிரும் திறவுகோலாகத் தருகிறார். எதிரிக்கு அது வெறும் தற்செயல் எண். அதே மறையுரையை மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணே வரும் என்பதால், இருமுறை கேட்டு ஒப்பிட்டும் பயனில்லை. டி.எல்.எஸ். 1.0 அறிவுரையாகச் சொன்ன தந்திரம் இங்கே திட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. ஹோஃப்ஹைன்ஸ், ஹோவல்மன்ஸ், கில்ட்ஸ் ஆகியோர் 2017இல் இவ்வகை மாற்றுமுறைகளைக் கூறுகூறாகப் பிரித்து நிறுவியதும் இதற்கு அடித்தளம்.

இதனால் நிரலாளரின் சுமை இறங்கிவிட்டதா என்றால், பெரும்பகுதி இறங்கியது, முழுதும் இறங்கவில்லை. மறுபடி குறியாக்கியதையும் வந்ததையும் ஒப்பிடும் அந்த ஒற்றை வரி இன்னும் அவரிடம்தான். 2020இல் குவோ, யோஹான்சன், நில்சன் மூவரும் இதே மாற்றுமுறையைக் கொண்ட ஃபுரோடோ கே.இ.எம். திட்டத்தின் நிரலை ஆராய்ந்தார்கள். ஒப்பிடும் சார்பு முதல் வேறுபாட்டைக் கண்டவுடன் நின்றுவிடும் வகை; எங்கே நின்றது என்பதை நேரம் காட்டிக்கொடுத்தது; அதிலிருந்து திறவுகோல் வரை போக வழி இருந்தது. ஆனால் பழைய நிலையோடு இதை ஒப்பிடும்போது ஒரு முன்னேற்றம் தெரிகிறது. கசிவு இப்போது ஓரிடத்தில், பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஒரு வரியில் இருக்கிறது. நேரம் மாறாத ஒப்பீட்டை எழுதத் தெரியும். எழுதியதைச் சோதிக்கவும் முடியும். 'எல்லாத் தோல்விகளும் ஒன்றாகத் தெரியட்டும்' என்ற பழைய ஆணையைச் சோதிக்க எல்லையே கிடையாது.

பழைய நிரப்பு முறையோ இன்னும் சாகவில்லை. மின்னஞ்சல் குறியாக்கத்திலும், வலைச் சேவைகளின் டோக்கன்களிலும், வன்பொருள் அட்டைகளிலும் அது வாழ்கிறது. 2023இல் ரெட் ஹாட் நிறுவனத்தின் ஹூபர்ட் காரியோ, சரியென்று நம்பப்பட்ட பல நூலகங்களில் நேர அளவீடுகளைப் புள்ளியியல் முறையில் மீண்டும் அலசி, 'மார்வின்' என்ற பெயரில் அதே கசிவை மறுபடி கண்டெடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் வந்த ஓபன் எஸ்.எஸ்.எல். 3.2, எம்.எல்.-கே.இ.எம். போலவே இந்தப் பழைய முறைக்கும் மறைமுக மறுப்பைப் பொருத்தியது: நிரப்பு தவறினால் பிழை வராது; தனித் திறவுகோலிலிருந்தும் மறையுரையிலிருந்தும் கணித்த ஒரு போலிச் செய்தி வரும். ஆனால் அந்தப் போலிச் செய்தியை வாங்கும் மேல்நிலை மென்பொருள் அதன் நீளத்தைப் பார்த்தோ வடிவத்தைப் பார்த்தோ முகம் சுளித்தால், கேள்விக்கு ஒரு பிட் மீண்டும் வெளியேறத் தொடங்கும். காரியோவின் முதன்மைப் பரிந்துரை திருத்தம் அல்ல. இந்த முறையில் குறியாக்குவதை நிறுத்திவிடும்படிதான் சொன்னார்.